யாரும் மிதிக்காத மணல்

அத்தியாயம் 9

“உங்கள் பாதம்தான் முதல் பாதம்.”

உல்லாசப் படகுக் கம்பெனியின் வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்க அந்தப் படம்தான். இரண்டு குன்றுகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்து நிற்கிற ஒரு குட்டிக் குடா. வெள்ளை மணல். ஒரு சுவடு இல்லை, ஒரு சருகு இல்லை. ஒரே ஒரு நண்டு மட்டும் குறுக்கே போயிருந்தது. அதன் தடம் தையல் போட்டதுபோல் தண்ணீர்வரை ஓடியது. அடியில் அந்த வாசகம்.

என்னைக் கேட்டால் அந்தப் படத்துக்குள்ளேயே போய்ப் படுத்துவிடலாம் என்றிருந்தது. முந்தின கேஸ் முடிந்து வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் இந்தக் கேஸ் வாசலில் வந்து நின்றது. அண்ணி, அதாவது ஊருக்குத் துப்பறிவாளர், எனக்கு அண்ணன் பெண்டாட்டி, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டார். அண்ணன் போர்வைக்குள்ளிருந்து கையை ஆட்டி வழியனுப்பினான். எங்கள் குடும்பத்தில் வேலை அப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது.

அண்ணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை எடுத்தவர் எங்க நின்னு எடுத்தார்?”

“போட்லேருந்து மேடம்,” என்றார் முதலாளி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கண்ணுக்குக் கீழே மட்டும் கசங்கியிருந்தார்.

“படத்துல கடல் எதிர்ல இருக்கு. ஓரத்துல ஒரு தாழை இலை, மூக்கை இடிக்கிற மாதிரி. எடுத்தவர் கரையில, மரத்தடியில நிக்கிறார். அங்க எப்படிப் போனார்?”

“நடந்து போயிருக்க முடியாது அண்ணி,” என்றேன். “முதல் பாதம் கஸ்டமரோடது. இவர் தன் பாதத்தை வீட்லயே வெச்சிட்டு வந்திருப்பார்.”

புது மெத்தையில் காபியைக் கொட்டியவனைப் பார்ப்பதுபோல் முதலாளி என்னைப் பார்த்தார்.

“சொல்லிடுங்க சார்,” என்றார் மூலை நாற்காலியில் இருந்த பெண்மணி. “எதைத் தேடறோம்னே தெரியாம இவங்க எப்படித் தேடுவாங்க?”

எங்களை அழைத்து வந்தவர் அவர்தான். இந்தக் கம்பெனியின் படகுகளுக்கு மெத்தை உறையும் வெயில் மறைப்பும் தைக்கிற தையல்காரம்மா. அவருடைய கணவருக்கும் அண்ணனுக்கும் ஒரே படகில் வேலை. கணவரைக் காணோம், ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அந்தம்மாவின் அண்ணன்தான் அந்தப் படகின் கேப்டன். தங்கை புருஷனைக் கடலில் தள்ளிவிட்டார் என்று லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள். இன்று சாயங்காலத்தோடு தேடுவதை நிறுத்துகிறார்கள். நாளைக் காலை கேப்டனைக் கொலைக் கேஸில் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். காலையில் எங்கள் வாசலில் நின்று அந்தம்மா சொன்னது ஒரே வரி: “ஒருத்தர் கிடைச்சாத்தாங்க எனக்கு இன்னொருத்தரும் கிடைப்பார்.”

முதலாளி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மின்விசிறிக்குக்கூடக் கேட்கக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

“யாரும் போகாத கடற்கரை வேணும்னுதான் மேடம் எங்ககிட்ட வர்றாங்க. ரோடு கிடையாது, கடை கிடையாது, போட்ல மட்டும்தான் போக முடியும். ஆனா யாருமே போகாத இடம்னு ஒண்ணு எங்க இருக்கு? நேத்து ஒரு குரூப் வந்துச்சு, இன்னிக்கு ஒரு குரூப் வருது. நேத்து வந்தவங்க தடத்தை யாராவது அழிக்கணும் இல்ல?”

“அதுக்கு ஒருத்தர்.”

“இவங்க வீட்டுக்காரர்தான். மணல்காரர்னு சொல்லுவோம். விடியறப்பவே கேப்டன் அவரைச் சின்ன போட்ல கொண்டுபோய் இறக்கிடுவார். நீளக் கழியில பல் வெச்ச வாரி ஒண்ணு வெச்சிருப்பார். குப்பையைப் பொறுக்கிட்டு, தண்ணி ஓரத்துலேர்ந்து வாரிக்கிட்டே பின்பக்கமா நடந்து மரத்துக்குள்ள போயிடுவார். அவர் தடமும் இருக்காது. கெஸ்ட் இறங்கி, குளிச்சு, போட்டோ எடுத்து, திரும்பிப் போறவரைக்கும் பாறைக்குப் பின்னால உட்கார்ந்திருப்பார். அப்படி ஒருத்தர் இருக்கார்னு எந்தக் கெஸ்டுக்கும் தெரியாது.”

“அந்த நண்டு?”

முதலாளி தரையைப் பார்த்தார்.

“அதுவும் அவர்தான். ஒண்ணுமே இல்லாத மணல் பார்க்கச் செத்துப்போன மாதிரி இருக்குங்கறது அவர் கட்சி. சாப்பிடற முள்கரண்டியால போடுவார்.”

“அடேங்கப்பா. நண்டுக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுக்கறீங்க,” என்றேன்.

“நண்டுக்குத் தனியா இல்ல சார்,” என்றார் முதலாளி, ரொம்ப சீரியஸாக.

*

கேப்டன் லாக்கப் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. படகில் நின்றே பழகிப்போனதாலோ என்னவோ, தரையில் உட்கார்ந்திருக்கும்போதும் லேசாக ஆடினார். தூங்கிப் பல நாள் ஆன கண்கள்.

“தங்கச்சி வந்திருக்காளா?”

“வெளியில இருக்காங்க.”

“உள்ள வர வேணாம்னு சொல்லுங்க. என் முகத்தைப் பார்த்து உண்மையா பொய்யான்னு தேடறா. எனக்குத் தாங்கல.”

அண்ணி கம்பிக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நின்று கேள்வி கேட்கிற அளவுக்கு அவருக்கும் தெம்பு இல்லை.

“காணாமப் போனதுக்கு முதல் நாள் ரெண்டு பேருக்கும் சண்டையாமே?”

“ஆமா. போட் சமையல்காரர் பார்த்தார், சொல்லிட்டார். பொய் இல்லையே.” மூச்சு விட்டார். “மாப்ள ஒரு மாசம் லீவு கேட்டான். எதுக்குடான்னேன். எதுக்கும் இல்ல, சும்மா இருக்கன்னான். சீசன் முடியட்டும்னேன். சீசன் எப்ப மச்சான் முடிஞ்சிருக்குன்னு கத்தினான். நான் கையை ஓங்கிட்டேன். ஏன்னு இப்ப யோசிக்கறேன். நான் மட்டும் என்ன லீவுலயா இருக்கேன்? அந்த எரிச்சல்தான்.”

“மறுநாள்?”

“வழக்கம்போல விடியறப்போ லாடத்துல கொண்டுபோய் இறக்கினேன். குதிரைலாடம் மாதிரி இருக்கும் அந்தக் குடா, அதான் பேரு. திரும்பிப் பெரிய போட்டுக்கு வந்தா, ஒரு கெஸ்டுக்கு நெஞ்சு வலி. எல்லாரையும் தூக்கிக்கிட்டு நேரா ஊருக்குத் திரும்பிட்டேன். ஆஸ்பத்திரி, அது இதுன்னு சாயங்காலம் ஆயிடுச்சு. அப்புறம் லாடத்துக்கு ஓடினேன். மணல் வாரியிருந்துச்சு. நண்டு இருந்துச்சு. மாப்ள இல்ல. அந்தப் பக்கத்துக் குடா எல்லாத்தையும் சுத்தி வந்தேன். எங்கயும் இல்ல.”

“தடத்தை மறைக்க நீங்களே லாடத்தை வாரிட்டீங்கங்கறார் இன்ஸ்பெக்டர்.”

“எனக்கு நண்டு போட வராதுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

“பாறைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கிறவருக்கு, இனிமே வெளிய வரலாம்னு எப்படித் தெரியும்?” என்றார் அண்ணி.

“ரெண்டு விசில். கெஸ்ட் எல்லாரும் ஏறி ரூமுக்குள்ள போனப்புறம் அடிப்பேன். விசில் வராம தலை காட்ட மாட்டான். காட்டினா வேலை போயிடும். ஒரு தடவை கால்ல கண்ணாடி ஏறி ரத்தமா கொட்டியிருக்கு. விசில் வர்றவரைக்கும் மூச்சு விடல.”

“அன்னிக்கு விசில் அடிச்சீங்களா?”

கேப்டன் ஆடுவதை நிறுத்தினார்.

“பேரைச் சொல்லிக் கத்தினேன். விசில்… விசில் அடிக்கத் தோணலயே எனக்கு.”

“மறுநாள் தேடப்போன போலீஸ்?”

“மைக்ல கூப்பிட்டாங்க. தங்கச்சியும் அந்த போட்ல போனா. அவளும் மைக்ல கூப்பிட்டா.”

அண்ணி பெரிய கொட்டாவி ஒன்றை விட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மற்றவர்களுக்குச் சலித்துப்போனால் கொட்டாவி வரும். அண்ணிக்கு ஒரு கேஸ் நகர ஆரம்பித்தால் வரும். அந்த ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயரே ‘கொட்டாவி’தான்.

“இவ்வளவுதானா அண்ணி?” என்றேன் வெளியே வந்ததும். “மனுஷன் எங்கயோ ஒளிஞ்சு உட்கார்ந்துகிட்டு விசிலுக்காகக் காத்திருக்காரா? ஒரு வாரமாவா?”

“உங்க அண்ணன் ரெண்டு வருஷமா நான் டீ போடுவேன்னு காத்துக்கிட்டிருக்கார். ஆம்பளைங்க காத்திருப்பாங்க தம்பி.”

*

முதலாளியே சின்ன மோட்டார் படகை ஓட்டினார். தையல்காரம்மா முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டார். நடுப்பகல் வெயில் கடலை அடித்துத் தட்டையாக்கி வைத்திருந்தது. எஞ்சின் சத்தத்துக்கு எனக்குக் கண் சொருகியது.

“போலீஸ் எல்லாக் குடாவையும் பார்த்தாச்சு மேடம்,” என்றார் முதலாளி. “எங்கயாவது கால்தடம் இருக்கான்னு பார்த்தாங்க. தடம் இருந்தாத்தானே ஆள் இருப்பான்? எங்கயுமே இல்ல.”

“தடம் இல்லாம நடக்கிறதுதானே அவர் வேலை?”

முதலாளி சுக்கானைத் திருப்பினார்.

முதல் குடாவுக்குள் நுழைந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். வரவேற்பறைப் படத்தின் அதே குன்றுகள், அதே தாழை. ஆனால் மணல் தெரியவில்லை. பிளாஸ்டிக் பாட்டில்கள், அறுந்த வலை, தெர்மாகோல் துண்டுகள், ஒரு பொம்மையின் கை, ஒரு ஃபிரிட்ஜின் கதவு. எல்லாம் அலை விட்டுப்போன வரிசையில், யாரோ கடை பரப்பியதுபோல் கிடந்தன.

“டிரிப் எல்லாத்தையும் நிறுத்தியாச்சு, வேற ஆளும் போடல,” என்றார் முதலாளி அவமானத்தோடு. “கடல் கொண்டுவந்து கொட்டிக்கிட்டே இருக்கும் மேடம். தண்ணி ஏறி இறங்கற ஒவ்வொரு தடவையும். அவர் இருந்தவரைக்கும் எங்களுக்கே இது தெரியாது.”

குப்பைக்கு நடுவே ஒற்றைச் செருப்பு ஒன்று நிமிர்ந்து நின்றது.

“முதல் பாதம் வந்துடுச்சு சார்,” என்றேன். “இன்னொண்ணு பின்னால வந்துக்கிட்டு இருக்கும்.”

தையல்காரம்மா சிரிக்கவில்லை. அந்தச் செருப்பு யாருடைய அளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைச் செருப்பு என்று தெரிந்த பிறகுதான் அவர் தோள் இறங்கியது.

ஒவ்வொரு குடாவிலும் நான் இரண்டு விசில் அடித்தேன். ஒவ்வொன்றிலும் காத்திருந்தோம். பறவைகள் எழுந்து பறந்து மறுபடி உட்கார்ந்தன. லாடத்தில் இறங்கியே தேடினோம். அங்கேயும் குப்பைதான். பாறைக்குப் பின்னால் ஒரு காலி பிஸ்கட் டப்பா, ஒரு தகரக் குவளை. அந்தம்மா குவளையை எடுத்துப் புடவையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்தது, குன்றுக்கு அந்தப்பக்கம் இருந்தது. தூளி என்று பெயராம். இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் தொய்ந்து கிடக்கும். முதலாளி வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார்.

“இங்கயும் ஒண்ணுமே இல்ல மேடம். திருப்பட்டுமா?”

“நிறுத்துங்க.”

“ஒண்ணுமே இல்லையே மேடம்.”

“அதைத்தான் சொல்றேன்,” என்றார் அண்ணி. “ஒண்ணுமே இல்ல.”

அப்புறம்தான் எனக்கும் உறைத்தது. ஒரு பாட்டில் இல்லை. ஒரு கயிறு இல்லை. வரவேற்பறைப் படம் மாதிரியே, துடைத்துவைத்த மணல், குறுக்கே ஒரு நண்டுத் தடம்.

“யாருமே வராத கரை எப்படி இருக்கும்னு மத்தியானத்துலேர்ந்து பார்த்துக்கிட்டு வர்றோம்,” என்றார் அண்ணி. “குப்பைமேடா இருக்கும். இவ்வளவு சுத்தமா ஒரு இடம் இருந்தா, அங்க ஆள் இருக்குன்னு அர்த்தம். போலீஸ் சுத்தமான இடத்தைப் பார்த்து, யாரும் இல்லைன்னு போயிட்டாங்க.”

தையல்காரம்மா எழுந்ததில் படகு ஆடியது. “இருக்காராங்க?”

“இன்னிக்குக் காலைல இருந்திருக்கார். விடிஞ்சு வந்த அலையோட குப்பைகூட இல்ல பாருங்க.”

இறங்கினோம். நான் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து இரண்டு விசில் அடித்தேன். அப்படி ஒரு விசிலை நான் சினிமாக் கொட்டகையில்கூட அடித்ததில்லை. குன்று அதைத் திருப்பி எங்களிடமே கொடுத்தது.

யாரும் வரவில்லை.

மறுபடி அடித்தேன். அந்தம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பாறைகள் வெயிலில் சும்மா நின்றன.

“அடிபட்டுக் கிடக்கறாரா?” என்றார் அந்தம்மா.

“அடிபட்டவர் கரையைப் பெருக்க மாட்டாரும்மா.”

“வேற கம்பெனிக்காரன் எவனாவது நம்ம குடாவைப் பிடிச்சிட்டானோ?” என்றார் முதலாளி. அவர் கவலை அவருக்கு.

அண்ணி மணலில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டார். விசில் கதை பொய்த்துப்போனது அவர் முகத்தில் தெரிந்தது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நான் ஏதாவது சொல்லித் தேற்றலாம் என்று வாயைத் திறந்தபோது, அண்ணி கொட்டாவி விட்டார். தாடை கழன்றுவிடுமோ என்று பயப்படும்படியான கொட்டாவி.

“தம்பி,” என்றார் காதோரமாக. “நாம தலைகீழா பிடிச்சிருக்கோம். அவர் நாம கூப்பிடணும்னு காத்துக்கிட்டு இல்ல. நாம போகணும்னு காத்துக்கிட்டு இருக்கார்.”

பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி, “இங்க யாரும் இல்ல, கிளம்பலாம்!” என்றார். தையல்காரம்மாவின் தோளைப் பிடித்து என்னவோ முணுமுணுத்தார். அந்தம்மா பாறைகளை ஒருமுறை பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போய்ப் படகில் ஏறினார்.

“நீ இந்த மணலை நல்லா மிதி,” என்றார் அண்ணி என்னிடம். “உன்னால முடிஞ்ச அளவுக்கு அசிங்கம் பண்ணு.”

வாழ்க்கையில் முதல்தடவையாக என் திறமைக்கேற்ற வேலை கிடைத்தது. குறுக்கும் நெடுக்கும் ஓடினேன். குதித்தேன். நண்டுத் தடத்தின் மேலேயே இரண்டு தடவை நடந்தேன். பிறகு இரண்டு பேரும் தாழைப் புதருக்குள் நுழைந்து உட்கார்ந்தோம். முதலாளி எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு குன்றைச் சுற்றிப் போனார். சத்தம் தேய்ந்தது. பிறகு அதுவும் இல்லை.

அந்த மாதிரி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. அலை வந்தது, போனது. யாரும் யாரையும் எதற்கும் கூப்பிடவில்லை. நிழலில் மணல் குளிர்ச்சியாக இருந்தது. கேஸ், சாயங்காலம், கோர்ட்டு எல்லாம் எங்கோ வேறு யாருடைய வீட்டிலோ ஓடுகிற ரேடியோ மாதிரி ஆகிவிட்டன. என் கண் மூடிக்கொண்டது. அண்ணி கிள்ளினார்.

எதிர்ப்பக்கப் பாறையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஒல்லியான மனிதர், அரைக்கால் சட்டை, ஒரு வாரத் தாடி. தோளில் வாரி. மதிய இடைவேளை முடிந்து ஆபீசுக்குத் திரும்புகிறவர் மாதிரி நடந்து வந்து, நான் மிதித்துவைத்த மணலைப் பார்த்து, “ச்ச்” என்றார். பிறகு தண்ணீர் ஓரத்துக்குப் போய் வேலையை ஆரம்பித்தார். இழுப்பு, ஓர் அடி பின்னால். இழுப்பு, ஓர் அடி பின்னால். எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே நேராக எங்களிடம் வந்துகொண்டிருந்தார்.

அவர் குதிகால் புதரைத் தொட்டபோது அண்ணி சொன்னார்: “போதுங்க.”

மணல்காரர் திரும்பினார். அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலியான கடலைப் பார்த்தார்.

“ஐயோ,” என்றார் நிஜமான பதற்றத்தோடு. “உங்களை விட்டுட்டுப் போயிட்டாங்களா?”

“உங்களைத்தாங்க விட்டுட்டுப் போயிட்டாங்க,” என்றார் அண்ணி.

அவர் வாரியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“லாடத்துல வாரி முடிச்சப்புறமும் கெஸ்ட் போட்டைக் காணோம்,” என்றார். “அங்க ஜெல்லிமீன் வந்துட்டா தூளிக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போவாங்க. அதான் குன்று ஏறி இந்தப் பக்கம் ஓடி வந்தேன். வாராம கிடந்தா மச்சானைத்தானே திட்டுவாங்க? வாரி முடிச்சிட்டு ஒளிஞ்சுக்கிட்டேன். யாரும் வரல.”

“சாயங்காலம் மச்சான் வந்தார்.”

“போட் சத்தம் கேட்டா உடம்பு தானா பாறைக்குப் பின்னால போயிடுதுங்க. அதுக்கப்புறம்தான் கூப்பிடற சத்தமே காதுல விழுந்துச்சு.”

“விசில் வரல. அதனாலதானே நீங்க வெளிய வரல?” என்றேன். மனிதருக்கு ஒரு காரணத்தை எடுத்துக் கொடுக்கலாமே என்றுதான்.

அவர் அதை யோசித்தார். வாங்கிக்கொண்டிருக்கலாம். வாங்கிக்கொள்ளவில்லை.

“இல்லங்க. நீங்க அடிச்ச விசிலும்தான் கேட்டுச்சு.” விரலால் மணலைக் கீறினார். “எழுந்திருக்கணும்னு நினைச்சேன். கால் வரல. படுத்தேன், அப்படியே தூங்கிட்டேன். விடிஞ்சு யாரும் எழுப்பல. ஒரு நாள் போகட்டும்னு நினைச்சேன். பிஸ்கட் இருந்துச்சு, அந்தப் பக்கம் ஊத்துத் தண்ணி இருக்கு. அப்புறம் இன்னொரு நாள் போகட்டும்னு இருந்தேன்.”

“சும்மா இருக்கத்தானே லீவு கேட்டீங்க. அப்புறம் ஏன் இதை வாரிக்கிட்டே இருந்தீங்க?” என்றார் அண்ணி.

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். “தெரியலங்க. நான் லீவுல இருக்கேன்னு இதுங்களுக்குச் சொல்லத் தெரியல.”

கடல் ஒரு தெர்மாகோல் துண்டைக் கொண்டுவந்து வைத்தது. அவர் கண் அதன் மேல் போயிற்று. கஷ்டப்பட்டுத் திருப்பிக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கறேன். யாரையும் பார்க்கலன்னு சொல்லிடுங்களேன். ரெண்டு மூணு நாள்ல நானே வந்துடறேன்.”

‘சரி’ என்ற சொல் அண்ணி முகத்தில் வந்து கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். அடுப்பில் அரிசி, மேஜையில் அடுத்த கேஸ், போர்வைக்குள் அண்ணன் என்று அவருக்கும்தான் இருக்கிறது.

“உங்க மச்சான் லாக்கப்ல இருக்கார்,” என்றார் கடைசியில். “கொலைக் கேஸ். நாளைக்குக் கோர்ட்டு.”

“கொலையா? யாரை?”

“உங்களை.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. எழுந்தார்.

“நான் கோபத்துல எங்கயோ போய்த் தொலைஞ்சிட்டேன்னு நினைப்பாங்கன்னுதானே இருந்தேன்,” என்றார் யாரிடமோ. “வாங்க. வாங்க போகலாம்.” தண்ணீரை நோக்கி ஓடினார்.

நான் விசில் அடித்தேன். குன்றுக்கு அந்தப் பக்கம் எஞ்சின் உறுமியது. அந்தச் சத்தத்துக்கு மணல்காரரின் முட்டி மடங்கியது. உடம்பு பாதி பாறைப்பக்கம் திரும்பிவிட்டது.

“நில்லுங்க,” என்றார் அண்ணி. “ஒண்ணும் ஆகாது. நில்லுங்க.”

அவர் வாரியை மணலில் ஊன்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். படகு வளைந்து உள்ளே வந்து நிற்கும்வரை அந்தக் கழி நடுங்கிக்கொண்டே இருந்தது.

தையல்காரம்மா முழங்கால் தண்ணீரில் குதித்து நடந்து வந்தார். ஒரு கை தூரத்தில் நின்று தாடியைப் பார்த்தார், கன்னக்குழியைப் பார்த்தார், காலிலிருந்து தலைவரை அளவெடுப்பதுபோல் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன்.

“மறுநாள் மைக்ல கூப்பிட்டேன்,” என்றார். “கேட்டுச்சா?”

முதலாளி கடலைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன். காத்து அடிச்சது, அலை சத்தம், தூங்கிட்டேன்… சொல்வதற்கு எத்தனையோ இருந்தன.

“கேட்டுச்சு,” என்றார் மணல்காரர்.

அந்தம்மா தலையசைத்தார். திரும்பிப் போய்ப் படகில் ஏறி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மடியில் அந்தத் தகரக் குவளை இருந்தது. திரும்பும் வழியில், பாதி தூரத்தில் முதலாளி, “நாளைக்கு ஒரு டிரிப் இருக்கு, இப்ப ஆளும் கிடைச்சிட்டதால…” என்று தொடங்கினார்.

“சார்,” என்றார் அந்தம்மா. அவ்வளவுதான். முதலாளி எஞ்சினைக் கவனிக்க ஆரம்பித்தார்.

*

செத்துப்போனவர் நேரில் வந்து நின்றதில் இன்ஸ்பெக்டருக்கு மகிழ்ச்சி இல்லை. நாலு கேள்வி கேட்டார், அதட்டினார், கடைசியில் சாவிக்காரரைக் கூப்பிட்டார். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்த சுவரோர பெஞ்சில் மணல்காரர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அந்தம்மா வாசல்படியில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கேப்டன் வெளியே வந்தார். நேராக வந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

“எங்கடா இருந்தே?”

“தூளில.”

“தொண்டை கிழியக் கத்தினேனேடா.”

“கேட்டுச்சு மச்சான்.”

கேப்டனின் கை மேலே போயிற்று. இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி அசையவில்லை. கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதைத் தூக்கிவைத்திருக்கவும் தெம்பில்லாததுபோல் இறங்கியது. காலரையும் விட்டுவிட்டார். பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். மணல்காரரும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள்.

“தூங்கினியா?” என்றார் கேப்டன்.

“தூங்கினேன்.”

“நல்லாவா?”

“நல்லா.”

கேப்டன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். கைக்குள்ளிருந்தே கேட்டார்:

“அங்க… இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமா?”

வாசல்படியில் நின்ற முதுகு திரும்பியது.

“கேக்கறதுதான் கேக்கற,” என்றார் அந்தம்மா, “ரெண்டு பேருக்காக் கேளேண்ணா.”

மணல்காரர் பெஞ்சில் நகர்ந்து, கேப்டனையும் தோளால் நெருக்கித் தள்ளி, தனக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார்.